எம்பிஎஸ், செந்தோசா: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

சிங்கப்பூருக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் எம்பிஎஸ் எனும் மரினா பே சேண்ட்ஸ் காட்டாமல் அனுப்ப முடியாது. மூன்று கோபுரங்களும் அவற்றின் தலையில் கிடக்கும் கப்பலும் படத்தில் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு மனப்பாடம். நேரில் வந்து நின்றதும்தான் கேள்விகள் கிளம்பும். நீச்சல்குளத்துக்கு யார் போகலாம், மேலே ஏற டிக்கெட் எங்கே, சூதாட்டக்கூடத்துக்குள் போக என்ன வேண்டும், விருந்தாளி சும்மா நுழையும்போது கூட்டிக்கொண்டு வந்த பிஆர் (நிரந்தரவாசி) மச்சானுக்கு மட்டும் ஏன் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)?

சிங்கப்பூரில் சூதாட்டக்கூட உரிமம் உள்ள இடங்கள் இரண்டே இரண்டு: மரினா பே சேண்ட்ஸ், செந்தோசா தீவிலுள்ள ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசா. 2005 ஏப்ரலில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் அனுமதியை அறிவித்தார். பலத்த எதிர்ப்புக்கு நடுவே வந்த முடிவு அது. 2010 பிப்ரவரி 14, சீனப் புத்தாண்டின் முதல் நாளில் செந்தோசாக் கூடம் திறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் எம்பிஎஸ். இரண்டிலும் சூதாடும் இடம் மொத்தப் பரப்பில் 5 விழுக்காட்டைக் கூடத் தொடாது, ஆனால் வருமானத்தில் பெரும்பங்கு அந்தத் துண்டு இடத்திலிருந்துதான் வருகிறது. எம்பிஎஸ் வாசலில் லேசரும் நீரூற்றுமாக ஒரு காட்சியைத் தினமும் இலவசமாக நடத்த முடிகிறதென்றால் காரணம் இதுதான். உள்ளே தோற்பவர் காசில் வெளியே நாம் வேடிக்கை பார்க்கிறோம். சுற்றிப் பார்க்க வருபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. வேடிக்கை பார்க்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டால் போதும்.

தங்குமிடத்திலிருந்து தொடங்கலாம். இந்த இரண்டு உல்லாசத் தளங்களையும் பார்க்க வருகிறவர் தங்க வேண்டிய இடம் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. பாசத்தில் சொல்வதில்லை, ரயில் வரைபடமே அப்படி அமைந்திருக்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதையும் வடகிழக்குப் பாதையும் சந்திக்கின்றன. டௌன்டவுன் பாதையில் ரோச்சோர், பூகிஸ், புரொமனாட், நான்காவதாக பேஃபிரண்ட். இறங்கினால் தலைக்கு மேலே எம்பிஎஸ். வடகிழக்குப் பாதையில் தோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க், ஐந்தாவதாக ஹார்பர்ஃபிரண்ட். அங்கிருந்து செந்தோசாவுக்கு ஒரு பாலம்தான். இரண்டுக்குமே ரயில் மாற வேண்டியதில்லை. இரவு பசியோடு திரும்பினால் சிராங்கூன் சாலையில் தோசை கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களைக் கூட்டி வருகிறவர்களுக்கு இதன் அருமை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எம்பிஎஸ் ஹோட்டலிலேயே தங்கலாமா? ஒரே ஒரு காரணத்துக்காகத் தங்கலாம்: 57வது மாடி நீச்சல்குளம். சுமார் 150 மீட்டர் நீளம். விளிம்பில் கை வைத்தால் கீழே நகரம் விரிகிறது. தங்குபவர்களுக்கு மட்டுமே அனுமதி. அறைச் சாவி அட்டை இல்லாமல் வாயில் திறக்காது. டிக்கெட் வாங்கிக்கொண்டு குளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அண்மைப் புதுப்பிப்பில் பல அறைகளை ஒன்றாக்கிப் பெரிய அறைகளாக மாற்றிவிட்டார்கள். முன்பு 2,500க்கு மேல் இருந்த அறைகள் இப்போது 1,850 அளவுக்குக் குறைந்துவிட்டன, வாடகை அதற்கேற்ப ஏறிவிட்டது. ஒரே ஓர் இரவுதான் தங்குவதென்றால் கணக்கு இப்படி: அறைக்குள் போகும் நேரம் பிற்பகல் 3, காலி செய்யும் நேரம் காலை 11. மூன்று மணிக்கு வரிசையில் நிற்பவர்கள் நிறைய. பகலிலேயே போய்ப் பதிவை முடித்துக்கொண்டு, பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுச் சுற்றப் போவது நல்லது. மாலை ஐந்தரைக்குக் குளத்துக்குப் போனால் வெளிச்சம், அந்தி, விளக்கு மூன்றும் ஒரே மூச்சில் கிடைக்கும். ஆனால் அந்த நேரத்தில் தண்ணீரைவிடக் கைபேசிகள்தான் அதிகம். நிம்மதியாக நீந்த வேண்டுமென்றால் காலை ஏழு மணி. இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் குளத்திலிருந்து எல்லாரையும் ஏற்றிவிடுவார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பிற்பகல் மழை வழக்கம் என்பதால் அந்த மாதங்களில் ஓர் இரவை நம்பிப் பெரும்பணம் கட்டுவது வானத்தோடு ஆடும் சூதாட்டம்.

குளம் வேண்டாம், உயரம் மட்டும் வேண்டும் என்பவருக்கு ஸ்கைபார்க் பார்வைத் தளம். டிக்கெட்டும் மின்தூக்கியும் மூன்றாம் கோபுரத்தில். ஹோட்டல் வரவேற்பறைக்குப் போய் அங்கிருந்து அலைகிறவர்கள் ஏராளம். தளம் திறந்தவெளி, நிழல் கிடையாது. பகல் இரண்டு மணிக்கு ஏறினால் ஐந்து நிமிடத்தில் இறங்கத் தோன்றும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் மறைகிறது, ஆகவே ஆறு மணிக்கு ஏறி ஏழரை வரை நிற்பது சரி. ஒரு பக்கம் கரையோரப் பூந்தோட்டமும் (கார்டன்ஸ் பை த பே) கடலில் நங்கூரமிட்ட கப்பல்களும், மறுபக்கம் வங்கிக் கோபுரங்கள். குறை ஒன்று உண்டு: சிங்கப்பூரின் அடையாளம் என்று எல்லாரும் படமெடுக்கும் கட்டடம் எம்பிஎஸ்தான், அதன் மேலேயே நின்றால் அது தெரியாது. எம்பிஎஸ் தெரியும் படம்தான் வேண்டுமென்றால் எஸ்பிளனேட் அரங்கின் மொட்டைமாடித் தோட்டத்துக்குப் போங்கள், காசு கிடையாது. மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரையும் இலவசம்தான். அங்கிருந்து கோபுரங்கள் பின்பக்கமாகத் தெரியும், பிள்ளைகள் பட்டம் விடலாம், காற்றும் தாராளம்.

இனி இலவசக் காட்சிகள். நேரத்தைத் தவறாகப் போட்டு ஒன்றைக் கோட்டைவிடுவது இங்கேதான் நடக்கிறது. எம்பிஎஸ் கடைத்தொகுதிக்கு முன்னால், நீரோரத் திடலில் ஸ்பெக்ட்ரா என்ற ஒளி, நீர்க் காட்சி தினமும் இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் நடக்கும். வெள்ளி, சனியில் 10 மணிக்கும் உண்டு. 15 நிமிடம். பூந்தோட்டத்தில் மரம் போல எழுப்பிய உயரமான கட்டமைப்புகளான சூப்பர்மரங்களுக்குக் கீழே இன்னொரு ஒளி, இசைக் காட்சி 7.45க்கும் 8.45க்கும், அதுவும் கால் மணி நேரம்தான். இரண்டுக்கும் இடையே நடை 15 முதல் 20 நிமிடம், பெரியவர்கள் உடன் வந்தால் அரை மணி. 7.45 காட்சியைத் தோட்டத்தில் பார்த்துவிட்டு 8 மணிக்காட்சிக்கு ஓடுவது நடக்காத காரியம். நிதானமாக வந்து 9 மணிக்காட்சியைப் பிடியுங்கள். அல்லது 8 மணிக்கு ஸ்பெக்ட்ரா, 8.45க்குச் சூப்பர்மரம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் சொன்ன திட்டம் நல்லது. தோட்டத்தில் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம், பிறகு கடைத்தொகுதியின் குளிர்சாதனத்துக்குள் நடந்து வரலாம்.

வழி: கடைத்தொகுதியிலிருந்து பேஃபிரண்ட் நிலையத்துக்கு இறங்கி, பி வாயிலைத் தேடுங்கள். நிலத்தடி நடைபாதை தோட்டத்தின் பக்கம் கொண்டுபோய்விடும், அங்கிருந்து தும்பிப் பாலத்தைத் தாண்டினால் மரங்கள். மொத்தம் 18 மரங்களில் 12 இந்தத் தோப்பில் நிற்கின்றன, உயரம் 25 முதல் 50 மீட்டர் வரை. காட்சியை நடுத் தோப்பில் தரையில் படுத்துக்கொண்டு பார்ப்பதுதான் முறை. ஆட்கள் அப்படித்தான் வரிசையாகப் படுத்துக் கிடப்பார்கள், கூச்சப்பட வேண்டாம். மரங்களுக்கு இடையே 22 மீட்டர் உயரத்தில் தொங்கும் நடைபாலத்துக்குத் தனி டிக்கெட். அதைக் காட்சி நேரத்தில் வாங்குவது வீண், மேலிருந்து பார்த்தால் விளக்குகளின் கோலம் பிடிபடாது. அந்திக்கு முன் ஏறி இறங்கிவிடுங்கள்.

ஸ்பெக்ட்ராவை எங்கிருந்து பார்ப்பது? திடலிலேயே நின்றால் நீரூற்றும் நீர்த்திரையில் விழும் படங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், காற்று திரும்பினால் சாரலும் தெறிக்கும். ஆனால் கோபுரத்திலிருந்து பாயும் லேசர் நம் தலைக்கு மேலே போய்விடும். லேசர் வேண்டுமென்றால் எதிர்க்கரையில் மெர்லயன் (சிங்கத்தலை மீன்) சிலை அருகே நிற்க வேண்டும். அங்கே இசை கேட்காது. இரண்டு இரவு இருந்தால் இரண்டையும் பார்க்கலாம். ஓர் இரவுதான் என்றால் திடல். பலத்த மழை பெய்தால் காட்சி ரத்தாகும், ஈடாக வேறு காட்சி கிடையாது.

கடைத்தொகுதி பெரிது, பளபளப்பு, வாங்க நமக்கு அதிகம் இல்லை. நடுவில் ஓடும் வாய்க்காலில் சம்பான் படகுச் சவாரி விற்கிறார்கள். ஷாப்பிங் மாலுக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. கொடுத்த காசுக்குச் சவாரி சிறிது. விட்டுவிடலாம். அதே வாய்க்காலின் ஒரு முனையில் மேலே கண்ணாடித் தொட்டி போல ஒரு பெரிய வட்டக் கிண்ணம் இருக்கிறது, குறுக்களவு 22 மீட்டர். குறித்த நேரங்களில் அதில் தண்ணீர் சுழல ஆரம்பிக்கும். சுழி வலுத்து, நடுவே ஓட்டை விழுந்து, அதன் வழியே இரண்டு மாடி உயரம் அருவியாக வாய்க்காலில் கொட்டும். வெளியே நின்று மேலிருந்து சுழியைப் பாருங்கள், அடுத்த முறை கீழே நின்று அருவியைப் பாருங்கள். இதற்கு டிக்கெட் இல்லை. பிள்ளைகள் சம்பானைவிட இதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். பக்கத்தில் விரிந்த தாமரை போல நிற்பது கலை அறிவியல் அரும்பொருளகம், 2011இல் திறந்தது. கூரையில் விழும் மழை நடுவிலுள்ள துளை வழியாக உள்ளே அருவியாக இறங்கும்படி கட்டியிருக்கிறார்கள். கண்காட்சி என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள், அது அடிக்கடி மாறும்.

சரி, சூதாட்டக்கூடம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணிக்குக் கட்டணம் இல்லை, அசல் பாஸ்போர்ட் வேண்டும். கைபேசியில் எடுத்த படமும் நகலும் செல்லாது. பாஸ்போர்ட்டை ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வந்து வாசலில் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தனி வரிசை, நுழைவுத் தீர்வை 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி, ஆண்டுக்கு என்றால் 3,000. 2019 ஏப்ரல் வரை இது 100, 2,000 என்று இருந்தது. தீர்வை அந்தந்தக் கூடத்துக்குத் தனித்தனி; எம்பிஎஸ்ஸில் கட்டியது செந்தோசாவில் செல்லாது. வென்றாலும் தோற்றாலும் திரும்பாது, 24 மணி நேரத்தைத் தாண்டி உள்ளே இருந்தால் சட்டப்படி குற்றம். வசூலாகும் பணம் அறப்பணிகளுக்கும் சமூகத் திட்டங்களுக்கும் உதவும் டோட்டலிசேட்டர் வாரியத்துக்குப் போகிறது. ஆகவே மச்சான் வெளியே காப்பி குடித்துக்கொண்டு காத்திருப்பது கஞ்சத்தனம் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு வந்தால் எப்படியும் ஒரு பெரியவர் வெளியே நின்றாக வேண்டும். ரப்பர் செருப்பு, கையில்லாப் பனியன் இவற்றோடு போய் வாசலில் வாதாட வேண்டாம்.

உள்ளே படமெடுக்கக் கூடாது, மேசையில் உட்கார்ந்து கைபேசியை நோண்டவும் கூடாது. கூடத்துக்குள் ஏடிஎம் கிடையாது. மறதியால் வந்த குறை இல்லை, சட்டமே தடுத்திருக்கிறது. பணம் எடுக்க வெளியே நடந்து போகும் தூரத்தில் புத்தி திரும்பட்டும் என்பதுதான் நோக்கம். அந்த நடையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர், காப்பி, தேநீர், குளிர்பானம் உள்ளே இலவசம், தானே எடுத்துக்கொள்ளலாம். இந்த இடத்தில் காசில்லாமல் உண்மையிலேயே கிடைப்பது அது ஒன்றுதான்.

ஆட்டங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம். பெரும்பாலான மேசைகள் பாக்கரா, பேங்கர், பிளேயர் என்ற இரண்டு பக்கங்களில் எது வெல்லும் என்று பந்தயம் வைக்கும் சீட்டாட்டம். சீன வாடிக்கையாளர்களுக்குப் பிடித்தது. அதில் 'பேங்கர்' மீது வைத்தால், வைத்த பணத்தில் சராசரியாகக் கூடத்துக்குச் சேரும் பங்கு 1.06 விழுக்காடு, 'பிளேயர்' மீது 1.24. 'டை' என்ற சமன் மீது வைத்தால் ஒன்றுக்கு எட்டு தருவார்கள் என்று ஆசையாக இருக்கும், ஆனால் அதில் அவர்கள் பங்கு 14 விழுக்காட்டுக்கு மேல். பேங்கர் வெற்றிக்குக் கமிஷன் பிடிக்காத மேசை என்று எழுதியிருந்தால் நமக்கு லாபம் என்று நினைக்காதீர்கள். அங்கே பேங்கர் 6 எண்ணில் வென்றால் பாதிதான் தருவார்கள், பங்கு 1.46 ஆக ஏறிவிடும். ரூலெட்டில் சக்கரத்தை முதலில் பாருங்கள். பச்சைக் கட்டம் (சுழியம்) ஒன்று இருந்தால் மொத்தம் 37 எண்கள். ஓர் எண் மீது வைத்து வென்றால் கிடைப்பது 35 மடங்கு, ஆகவே கூடத்தின் பங்கு 2.7 விழுக்காடு. பச்சை இரண்டு இருந்தால் 5.26. ஏறத்தாழ இரட்டிப்பு. அந்த மேசையில் உட்கார ஒரு காரணமும் இல்லை. சிக் போ பகடையில் 'பெரிது', 'சிறிது' பந்தயங்களுக்கு 2.78, மற்றப் பந்தயங்கள் பெரும்பாலும் அதைவிட மோசம், சில மிக மோசம்.

விழுக்காடு சின்னதாகத் தெரிவதில்தான் ஏமாற்றம். வேகத்தையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள். ரூலெட்டில் சுற்றுக்கு 25 வெள்ளி, மணிக்கு 35 சுற்று: வைத்த பணம் 875 வெள்ளி, சராசரி இழப்பு மணிக்கு ஏறத்தாழ 24 வெள்ளி. பாக்கராவில் பங்கு பாதிக்கும் குறைவுதான், ஆனால் ஆட்டம் வேகம், வைக்கும் பந்தயமும் பெரிது. கைக்கு 50 வெள்ளி, மணிக்கு 70 கை என்றால் வைத்த பணம் 3,500, இழப்பு 37 முதல் 43 வெள்ளி வரை. குறைந்த பங்குள்ள மேசையில்தான் அதிகம் போகிறது! இது சராசரி, ஒரு மணி நேரத்தில் 500 வெல்பவரும் உண்டு, 800 தோற்பவரும் உண்டு. எந்த மேசையிலும் குறைந்த பந்தயம் பலகையில் எழுதியிருக்கும். வார இறுதி இரவுகளில் அந்த எண் ஏறும். வேடிக்கைக்காகத்தான் என்றால் வார நாள் பகலில் போய், பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, தோற்கத் தயாரான தொகையை மட்டும் சில்லுகளாக மாற்றுங்கள். கடன் அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டாம்.

ஒரு செய்தி நம் ஆட்களுக்கு முக்கியம். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், இபி ஆகிய வேலை அனுமதிகள் வைத்திருப்பவர்களுக்கும் தீர்வை இல்லை, அவர்கள் வெளிநாட்டவர் கணக்கில் வருகிறார்கள். ஞாயிறு விடுமுறையில் சும்மா நுழைய முடிகிறது என்பதே பலருக்கு வினையாகிறது. தன்னைத்தானே தடை செய்துகொள்ள இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டவரும் செய்யலாம், கட்டணம் இல்லை, தடை பதிவானதும் இரண்டு கூடங்களும் வாசலிலேயே திருப்பிவிடும். குடும்பத்தாரும் ஒருவருக்குத் தடை கேட்டு விண்ணப்பிக்க முடியும். சூதாட்டப் பிரச்சினைக்கான உதவி எண் 1800-6-668-668.

செந்தோசாவின் சூதாட்டக்கூடம் தரைக்குக் கீழே. எம்பிஎஸ் கூடம் பல மாடிகள் உயர்ந்த ஒரே மண்டபமாகத் திறந்து கிடக்க, இங்கே கூரை தாழ்வு. விதிகளெல்லாம் ஒன்றுதான். கூடத்துக்காக இங்கே வர வேண்டியதில்லை. இங்கே வருவது பிள்ளைகளுக்காக. ஹார்பர்ஃபிரண்டில் இறங்கி விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் மாடிக்கு ஏறினால் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற தீவு ரயில். நுழைவுக்கு 4 வெள்ளி, தீவுக்குள் ஏறி இறங்கவும் திரும்பி வரவும் மறுபடி கட்ட வேண்டியதில்லை. ரிசார்ட்ஸ் வேர்ல்டு முதல் நிறுத்தம். காலையில் வெயில் ஏறுமுன் என்றால் விவோசிட்டியிலிருந்து கடல்மேல் நடைபாதையில் போகலாம். பத்துப் பதினைந்து நிமிடம், காசு இல்லை, முடிவது நேரே உல்லாசத் தளத்தின் முன்னால். ஐந்து பேர் குடும்பத்துக்கு 20 வெள்ளி மிச்சம்.

இங்குள்ள கேளிக்கைப் பூங்காவான யூனிவர்சல் ஸ்டூடியோஸ் டிக்கெட் பெரியவருக்கு 80 வெள்ளிக்கு மேல். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இலவசம். வாங்குமுன் பிள்ளையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். வாசலில் அளக்கும்போது அழுகை வருவதைவிட வீட்டிலேயே தெரிவது நல்லது. இரட்டைத் தண்டவாளத்தில் ஓடும் பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவுக்கு 125 செ.மீ., மம்மி சவாரிக்கு 122. டிரான்ஸ்ஃபார்மர்ஸில் பெரியவர் உடன் இருந்தால் 102 போதும். 110 செ.மீ. பிள்ளையோடு வருகிறவருக்கு இதில் முதல் இரண்டும் கிடையாது, அந்தக் கணக்கோடு டிக்கெட் விலையை எடை போடுங்கள். 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்டில்தான் இப்போது கூட்டம். வாயில் திறந்ததும் எல்லாரும் அங்கே பாயும்போது நீங்கள் சைஃபை சிட்டிக்குப் போனால் டிரான்ஸ்ஃபார்மர்ஸை வரிசை நீளுமுன் முடித்துவிடலாம். தனியாக ஏறச் சம்மதம் என்றால் ஒற்றையர் வரிசை இருக்கும் சவாரிகளில் அதில் நில்லுங்கள், காத்திருக்கும் நேரம் நன்றாகக் குறையும். நீண்ட வரிசையைத் தவிர்க்க விற்கும் எக்ஸ்பிரஸ் பாஸை முன்கூட்டி வாங்க வேண்டாம். வார நாளில், பள்ளி விடுமுறை இல்லாத காலத்தில் அது வீண். உள்ளே போய்க் கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இங்கேயும் எதிரி மின்னல்தான். எச்சரிக்கை வந்த உடனே திறந்தவெளிச் சவாரிகள் நிற்கும், மழை விட்ட பிறகும் உடனே தொடங்காது. டிக்கெட் பணம் திரும்பாது. அதனால் வெளிச் சவாரிகளை முற்பகலிலேயே முடித்துவிட்டு, கூரைக்குள் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி இரண்டில் ஒன்றையாவது பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராப்பிட்ஸ் படகில் நனைவது உறுதி. மழைச்சட்டையைத் தேக்காவில் ஓரிரண்டு வெள்ளிக்கு வாங்கி வாருங்கள். பழைய மீன்காட்சியகம் மூன்று மடங்கு பெரிதாகி, 2025 ஜூலையில் சிங்கப்பூர் ஓஷனேரியம் என்று திறந்திருக்கிறது. தாத்தா பாட்டிக்கு யூனிவர்சலைவிட இது ஏற்றது: குளிர்ச்சி, உட்கார இடம், சத்தம் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

பணத்தில் சறுக்கும் இடங்கள் சில. உணவகப் பட்டியலில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணம் 10 விழுக்காடும், அதற்கு மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடும் சேரும். 100 என்று போட்டிருப்பது 119 வெள்ளி 90 காசாக வந்து நிற்கும். அறை வாடகைக்கும் இந்தக் கணக்குத்தான். உணவங்காடி நிலையங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஹோட்டலில் நுழையும்போது வாடகைக்கு மேலும் ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். இந்திய டெபிட் கார்டு என்றால் அது கணக்கிலிருந்தே போய், திரும்ப நாள் பல ஆகலாம், ஆகவே இதற்குக் கிரெடிட் கார்டு கொடுங்கள். பணம் மாற்ற ஹோட்டல் முகப்பு வேண்டாம், தேக்காவில் முஸ்தபா அங்காடி பக்கத்து நாணய மாற்றுக்கடைகள் நான்கில் விலை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

வாங்கிய பொருளுக்கு வரியைத் திரும்பப் பெற, திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று ரசீது வரை சேர்க்கலாம். வாங்கும்போதே பயணியின் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். இங்கே வேலை செய்யும் உறவினர் தன் பெயரில் வாங்கிக் கொடுத்தால் வரி திரும்பாது, அவருக்குத் தகுதி இல்லை. நகையோ மின்பொருளோ பெட்டியில் போவதாக இருந்தால், சாங்கியில் பெட்டியை ஒப்படைக்குமுன் இயந்திரத்தில் பதிய வேண்டும். ஒப்படைத்த பிறகு 'பொருளைக் காட்டு' என்றால் காட்ட முடியாது.

மேசையில் வென்றவருக்குச் சிங்கப்பூர் வரி போடுவதில்லை. இந்தியாவில் குடியிருப்பவர் என்றால் ஊரில் 30 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் வரிகளும் உண்டு, தோற்றதைக் கழிக்க விடமாட்டார்கள். 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கத்தோடு நாட்டுக்குள் வந்தாலும் வெளியேறினாலும் அறிவித்தாக வேண்டும். வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். காசு கேட்கும் தளம் போலி அல்லது இடைத்தரகர்.

2025 ஜூலையில் எம்பிஎஸ் நான்காவது கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டியது. 15,000 பேர் அமரும் அரங்கோடு 2031இல் திறப்பதாகத் திட்டம். அதுவரை பக்கத்தில் கட்டுமானம் நடக்கும், அறை பதியும்போது எந்தப் பக்கம் பார்த்த அறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சூதாட்டக்கூடம் 24 மணி நேரமும் திறந்திருக்கும், எம்ஆர்டி ரயில் இருக்காது. பேஃபிரண்டிலிருந்து கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், 12 மணிக்கு மேல் டாக்சியில் மீட்டர் தொகையோடு பாதியும் சேரும். வெள்ளி இரவு 10 மணி ஸ்பெக்ட்ரா பார்த்துவிட்டு வந்தால் தேக்காவுக்கு நிதானமாகவே ரயில் கிடைக்கும். செந்தோசாவிலிருந்து வருகிறவர் தீவு ரயில் ஒன்று, வடகிழக்கு ரயில் ஒன்று என இரண்டைப் பிடிக்க வேண்டும், 11 மணிக்கே கிளம்பிவிடுங்கள்.